சாதுவும் சாகசியரும்: உத்திரமேரூர்க் கல்வெட்டை முன்வைத்து ஒரு சொற்பொருள் நோக்கு

‘சாது’ என்னும் வடசொல்லுக்கு நல்லோர், நேரியது என்பன முதன்மைப் பொருள்கள். இன்றைய பேச்சுவழக்கில் அது தீங்கின்மையையே பெரிதும் சுட்டுகிறது. ‘சாதுவான மாடு’ என்றால் முட்டாத மாடு. ‘பையன் சாது’ என்பதில் பாராட்டோடு இரக்கமும் கலந்துள்ளது. ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்னும் பழமொழியும் சாதுவின் ஆற்றலை, அவ்வியல்பு குலையும் கணத்திலேயே காண்கிறது.

இதற்கு மாறாக, ‘சாகசம்’ இன்று புகழ்ச்சொல். உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டுக் (கி.பி. 921) குடவோலைக் கல்வெட்டோ, வாரியப் பொறுப்புக்குத் தகாதோருள் சாகசியரையும் வைக்கிறது. அங்குச் சாகசம் என்பது கட்டற்ற வன்துணிவு.

அக்கல்வெட்டு மென்மையைத் தகுதியாக விதிக்கவில்லை. வன்துணிவைத் தகுதியின்மையாக விதித்தது. ஆகவே, சாதுவானவர் பொதுப்பொறுப்புக்கு ஆகார் என்னும் இன்றைய கருத்து, சொல்லின் பொருளிலிருந்து பிறந்ததன்று. சமூக மதிப்பீட்டின் மாற்றத்திலிருந்து பிறந்ததே.