அரவான் கேட்ட வரம்

வியாசர் பாரதத்தில் அரவானுக்குக் கிடைத்த இடம் சிறியது. அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் சகுனியின் தம்பிமார் சிலரை வீழ்த்திவிட்டு, அலம்புசன் என்ற அரக்கன் கையில் மடிகிறான். அதே அரவான் எங்கள் நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் ‘அரவான் களபலி’ கூத்து வைத்தால், விடிய விடிய நாயகனாக நிற்கிறான். அர்ச்சுனனே அன்று அவனுக்கு அடுத்தபடிதான்.

வடமொழிப் பாரதத்தில் இல்லாத களபலியைத் தமிழ் சேர்த்தது. 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே அது வந்துவிட்டது. போருக்கு முன் காளிக்கு ஒரு வீரனைப் பலி கொடுக்க வேண்டும்; அவனுக்குச் சாமுத்திரிகா லட்சணம் 32ம் பொருந்தியிருக்க வேண்டும். நாள் குறித்துத் தரச் சொல்லித் துரியோதனன் வந்து நிற்பது யாரிடம்? எதிரணியிலுள்ள சகாதேவனிடம். அவனும் பொய் சொல்லாமல் அமாவாசையைக் குறித்துக் கொடுத்து, பலிக்கு ஏற்றவன் அரவான் என்றும் சொல்லி அனுப்புகிறான். தன் பெரியப்பன் கேட்டதும் அரவான் மறுக்கவில்லை, சரி என்கிறான். யார் பக்கம் என்றுகூட அந்தப் பிள்ளை பார்க்கவில்லையே! கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

கண்ணன் விடுவானா? ஒரு நாள் முன்பாகவே தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்துவிடுகிறான். இதென்ன கூத்து என்று கேட்கச் சூரியனும் சந்திரனும் சேர்ந்து ஓடி வருகிறார்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற நாள்தானே அமாவாசை என்று அவர்களையே மடக்குகிறான். பஞ்சாங்கத்தில் இன்றும் போதாயன அமாவாசை என்று பார்க்கிறோமே, அதற்குச் சொல்லப்படும் கதை இதுதான். நாள் முந்திக்கொண்டது, அரவான் பாண்டவர் பக்கத்துப் பலியானான்.

கிரேக்கத்திலும் இப்படி ஒருவன் உண்டு. புரோட்டெசிலாவுஸ், 40 கப்பல்களோடு டிராய்க்குப் போனவன். கப்பலிலிருந்து முதலில் கரையில் குதித்தான், முதலில் செத்தான். ஹோமர் இலியட்டின் இரண்டாம் காண்டத்தில் அவனைப் பற்றிச் சொல்வது சில வரிகள்தான். அதற்குள் இரண்டு விவரம் வைக்கிறார்: ஊரில் கன்னத்தைக் கீறிக்கொண்டு அழும் மனைவி, கட்டி முடியாத வீடு. அந்தப் பாதி வீடு போதும், மனசு கனத்துவிடுகிறது. பின்னால் வந்தவர்கள் அவனை மூன்று மணி நேரம் உயிரோடு திருப்பி அனுப்பி மனைவியைப் பார்க்க வைத்தார்கள்.

நம்மவர்கள் அரவானுக்கு ஓர் இரவுக் கல்யாணம் செய்து வைத்தார்கள். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகிறான். சித்திரைப் பௌர்ணமியில் அரவானே கூத்தாண்டவர் என்ற சாமியாக நிற்கும் கூவாகம் கோயிலில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அதை அறுத்து மார்பில் அடித்து அழுவதும் அந்தக் கல்யாணத்தின் தொடர்ச்சி. ஊரெல்லாம் தந்தைக்கு ஜெயம் பாடும்போது, மகனுக்கென்று அழ ஆள் வேண்டும் என்று நினைத்த மனசு பெரிய மனசு.

கூத்தாண்டவர் தலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முறுக்கு மீசை, பெரிய குண்டலம், கிரீடத்துக்கு மேல் படமெடுத்த நாகம். வியாசர் பாரதத்தில் அரவான் கடைசிச் சண்டையில் பல தலை நாகமாக உருவெடுப்பான். அலம்புசன் கருடனாகி நாகங்களைத் தின்று, அவன் தலையையும் கொய்வான். அங்கே தோற்ற நாகம் இங்கே சாமியின் தலைக்குக் குடை பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கண்கள், இமைக்காமல் விரியத் திறந்தவை. அவன் கேட்ட வரம் அது: போரைப் பார்க்க வேண்டும். வில்லிபுத்தூரார் பாரதத்தில் சில நாள் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறான். கூத்தாண்டவர் கதை சொன்ன ஜனங்கள், வெட்டுண்ட தலைக்குப் பதினெட்டு நாளையும் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஜனங்கள் சொன்னதே உயர்வாகப் படுகிறது. பதினெட்டு நாளும் பார்த்தால் பதின்மூன்றாம் நாள் அபிமன்யுவைச் சூழ்ந்துகொண்டு கொல்வதையும் பார்த்தாக வேண்டும். மறுநாள் இரவு கடோத்கசன் விழுவதையும் பார்த்தாக வேண்டும். ஒருவன் அவன் தம்பி, இன்னொருவன் பெரியப்பன் மகன். அவனுக்குக் கண் இருந்தது, கை இல்லை.