'கொடு' என்று மட்டும் சொன்ன நிம்

நிம் என்ற சிம்பன்ஸி 'பேசிய' மிக நீளமான வாக்கியத்தில் 16 வார்த்தைகள். வாயால் அல்ல, கைச் சைகையால். கொடு, ஆரஞ்சு, நான், சாப்பிடு, நீ. இந்த ஐந்தையே திருப்பித் திருப்பிப் போட்டு 16 ஆக்கியிருந்தது. மொத்தத்துக்கும் அர்த்தம் ஒன்றுதான். அந்தப் பழத்தை இப்படிக் கொடுய்யா!

நிம்மின் கதையை ஜேம்ஸ் மார்ஷ் 2011-ல் 'ப்ராஜெக்ட் நிம்' என்று டாகுமெண்டரியாக எடுத்தார். சமீபத்தில் இரண்டாவது முறை பார்த்தேன். முதல் தடவை கண் கலங்கியது. இந்தத் தடவை எரிச்சல் வந்தது. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

மொழி மனிதனுக்கு மட்டுமே உரியது என்றவர் நோம் சாம்ஸ்கி. அதைப் பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்று 1973-ல் கிளம்பினார் கொலம்பியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஹெர்பர்ட் டெரஸ். ஓக்லஹாமாவில் பிறந்த ஒரு சிம்பன்ஸிக் குட்டியை, இரண்டு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார்கள். சாம்ஸ்கியைக் கிண்டலடித்து 'நிம் சிம்ப்ஸ்கி' என்று பெயர். ஒரு குடும்பத்தில் பிள்ளையாக வளர்ந்தது. டயபர், சட்டை, ஸ்பூன் எல்லாம் உண்டு. பிறகு பெரிய பங்களா, மாறி மாறி வந்த டீச்சர்கள், தினசரி சைகை மொழி வகுப்பு.

ஏறக்குறைய நாலு வருஷத்தில் நிம் 125 சைகைகள் கற்றது. எல்லோருக்கும் புல்லரித்தது. அப்புறம் டெரஸ் உட்கார்ந்து வீடியோவை நிதானமாக ஓட்டிப் பார்த்தார். டீச்சரின் கை முதலில் அசைகிறது. அடுத்த நொடி நிம்மின் கை அதையே செய்கிறது. வாத்தியார் பார்க்காதபோது காப்பியடிக்கிற பையனைப் பார்த்திருப்போம். இது வாத்தியாரையே காப்பியடித்த கேஸ். வாக்கியமும் வளரவில்லை. நம் குழந்தைகள் இரண்டு வார்த்தையிலிருந்து மூன்று, நாலு என்று ஏறிக்கொண்டே போகும். நிம் ஏறவே இல்லை. தன் பரிசோதனை தோற்றது என்று 1979-ல் டெரஸே ஆய்வுக் கட்டுரை எழுதினார். அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். ஆனால் அதற்கு முன்பே, 1977-லேயே நிம்மை ஓக்லஹாமா கூண்டுக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஸ்பூனில் சாப்பிட்டுப் பழகியதைத் திடீரென்று கம்பிக்குப் பின்னால் போட்டால் எப்படி இருக்கும்? கண் கலங்கியது அங்கேதான்.

எரிச்சலுக்கு வருகிறேன். யார் கெட்டவர், யார் நல்லவர், யாருக்கும் யாருக்கும் காதல் என்பதையெல்லாம் படம் விலாவாரியாகச் சொல்கிறது. இத்தனை பாவத்தையும் எந்தக் கேள்விக்காகச் செய்தார்களோ, அதை மட்டும் நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. மனிதன் நினைப்பதற்கும் மிருகம் நினைப்பதற்கும் நிஜமாகவே என்ன வித்தியாசம்?

புத்திசாலித்தனம் என்பீர்கள். ம்ஹூம். ஜப்பானில் அயுமு என்று ஒரு சிம்பன்ஸி. திரையில் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைந்த எண்களை, அவை இருந்த இடங்களை வரிசை தவறாமல் தொட்டுக் காட்டியது. அதே போட்டியில் கல்லூரி மாணவர்கள் தோற்றார்கள் என்று 2007-ல் கட்டுரையே வந்தது. மாணவர்களுக்கும் நல்ல பயிற்சி கொடுத்தால் எட்டிப் பிடிக்கலாம் என்று பிற்பாடு சிலர் காட்டியது வேறு விஷயம். ஆக, ஞாபக சக்தியில் நாம் அதனிடம் ஜம்பம் அடிக்க முடியாது.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் டெபிட், கிரெடிட்தான். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிம்மின் பேச்சைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அநேகமாக எல்லாமே வரவு. கொடு, ஊட்டு, கிச்சுகிச்சு மூட்டு, கட்டிக்கொள். கை அசைந்தால் ஏதாவது வர வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டு ஒரு வயசுக் குழந்தையைக் கவனியுங்கள். இடுப்பில் இருந்தபடியே விரலை நீட்டும். 'அதோ!' காக்கா. 'அதோ!' நிலா. நிலாவைப் பிடித்துக் கொடுக்கச் சொல்கிறதா? இல்லை. 'நான் பார்த்தேன், நீயும் பார்' என்கிறது. நீங்கள் நிலாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி அதன் முகத்தைப் பார்த்தால் போதும், சிரித்துவிடும். கணக்குப் புத்தகத்தில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

மைக்கேல் டோமசெல்லோ என்ற உளவியலாளர் பல வருஷமாகச் சொல்லி வருவது இதைத்தான். இருவர் சேர்ந்து ஒன்றைக் கவனிப்பதில்தான் மனித மொழி முளைக்கிறது என்கிறார். டெரஸே 2019-ல் எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். இலக்கணம் கிடக்கட்டும், ஒரு பொருளுக்குச் சும்மா பெயர் சொல்வதே நிம்முக்கு வரவில்லை. அது அம்மாவும் குழந்தையும் சேர்ந்து பார்ப்பதில் தொடங்குகிற சமாச்சாரம் என்று.

அம்மாவா? இரண்டே வாரத்தில் பிரித்தீர்களே, சார்!

படம் நின்று யோசித்திருக்க வேண்டிய இடம் இது. அம்மாவிடம் விட்டிருந்தால் நிம் பேசியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. காட்டில் அம்மாவோடு வளர்கிற சிம்பன்ஸிகளும் பேசுவதில்லை. ஆனால் சைகை காட்டினால்தான் பழம் என்று வருஷக்கணக்கில் பழக்கிவிட்டு, 'இதற்குக் கேட்க மட்டும்தான் தெரிகிறது' என்று மார்க் போடுவதில் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

'மிருகங்களும் தகவல் சொல்லுமே?' என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்கு சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் கொடுக்கும். ஆனால் அதெல்லாம் உயிர் போகிற அவசரம். நிலாவில் என்ன அவசரம்?

இதோடு முடித்தால் மனித ஜாதிக்கு ஜே போட்டுவிட்டுப் போகலாம். விடமாட்டேன் என்கிறது உகாண்டாவின் கிபாலே காடு. அங்கே ஃபியோனா என்று ஆராய்ச்சியாளர்கள் பெயரிட்ட சிம்பன்ஸி, ஓர் இலையைக் கையில் வைத்து நீவிக்கொண்டிருந்தது. திடீரென்று அதைப் பக்கத்தில் இருந்த தன் அம்மாவிடம் நீட்டியது. தின்னக் கொடுக்கவில்லை. அம்மா குனிந்து இலையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தது. 2022-ல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒரே ஒரு சம்பவம்தான், அதைக் கொண்டு கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் நாம் கிழித்த கோட்டின் மேல் ஓர் இலை கிடக்கிறது.

நிம்முக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. மருந்துச் சோதனைகளுக்காகச் சிம்பன்ஸிகளை வைத்திருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு விற்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதால் மீட்கப்பட்டு, டெக்சாஸில் ஒரு விலங்குக் காப்பகத்தில் இருந்து, 2000-ல் 26 வயசில் செத்துப்போனது.

படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி. ஓக்லஹாமாவில் நிம்மோடு சுற்றித் திரிந்த பாப் இங்கர்சால் பல வருஷம் கழித்து அதைப் பார்க்கப் போகிறார். கம்பிக்குப் பின்னாலிருந்து நிம் கையசைக்கிறது. விளையாடு.

இதுவும் கேட்கிற வார்த்தைதானே, 'கொடு' ரகத்தில் எழுதிக்கொள்ளலாம். எனக்கு மனசு வரவில்லை. படத்தைப் பாருங்கள். உங்களுக்கு வருகிறதா என்று சொல்லுங்கள்.