ஊறும் பொறியும்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவுவகையாற் பகுக்குங்கால் ஊற்றுணர்வையே முதலறிவாக வைத்தார். பிற புலன்கள் இல்லாத உயிர்க்கும் அஃது உண்டு. இனி, தமிழிற் 'பொறி' என்பது உடம்பின் புலனுறுப்புக்கும் பெயர், இயந்திரத்துக்கும் பெயர். பின்னைய பொறி முன்னையதன் தொழிலை மேற்கொள்ளுமாயின் ஊறு என்னவாகும்? வருங்காலத்தைக் கற்பனையால் முன்னரே அமைத்துக் காட்டும் மேனாட்டுப் படைப்புக்கள் சில இவ்வினாவை எழுப்புகின்றன. அவற்றுள் மூன்றனை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, ஆங்கில நாவலாசிரியர் இ. எம். பார்ஸ்டர் 1909இல் வெளியிட்ட 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்னும் சிறுகதை. அதில் மாந்தர் நிலத்தடியில் தனித்தனி அறைகளில் வாழ்கின்றனர்; பொறியின் வாயிலாகவே கண்டும் பேசியும் அமைகின்றனர். வான்கலத்தில் கதிரொளிக்கு அஞ்சி விலகும் வஷ்தியைத் தாங்கப் பணிப்பெண் கை நீட்டுகிறாள், வஷ்தியோ சினங்கொள்கிறாள். தொடுதல் வழக்கொழிந்த உலகில் அவ்வுதவியும் நாகரிகமின்மையாகிறது. பொறி சிதையும்போதுதான் தாயும் மகனும் இறக்குந் தறுவாயில் ஒருவரையொருவர் தீண்டுகின்றனர். ஆசிரியர் கருத்தில் ஊறும் பொறியும் ஒருங்கு நில்லா. கதைக்கு ஆற்றல் தருவது இத்தெளிவே. அதன் எல்லையும் இதுவே.

அவ்வெல்லையைக் கடந்தது, பால் செர்மன் 1992இல் பின்லாந்தில் அமைத்த 'டெலிமேட்டிக் டிரீமிங்'. ஓரிடத்தில் கட்டிலிற் கிடப்பவர் உருவம் தொலைபேசி இணைப்பின் வழியே சென்று, தொலைவிலுள்ள மற்றொரு கட்டிலின்மேல் ஒளியாக விழும். அங்குள்ளார் அவ்வுருவின் கையைப் பற்ற முயலலாம். கைக்குக் கிட்டுவது விரிப்பின் துணியே. ஆயினும், 1994இல் ஆம்ஸ்டர்டாமில் இதனுட் பல வாரம் பங்குகொண்ட நடனக் கலைஞர் சூசன் கோசெல், மறுபுறத்தார் தம் உருவின் வயிற்றில் முழங்கையால் இடித்தபோது தம் உடல் தானே மடங்கியதாக எழுதியுள்ளார். தோலிற் படாத இடி உடம்பை அசைத்தது; மறுமுனையில் ஓர் ஆள் இருந்தமையே அதற்குக் காரணம் என்க.

மூன்றாவது இதன் மறுதலை. டான் சென் 2012இல் அமைத்த 'லாஸ்ட் மோமென்ட் ரோபோ', உற்றார் எவரும் அருகில்லாது இறப்பவருக்கென எண்ணப்பட்டது. மெத்தை பதித்த பொறிக்கை நோயாளியின் முன்கையை மெல்ல வருடும். பதிவு செய்த குரல் ஆறுதல் கூறும். இங்கே தோலிற் படுதல் உண்டு, தொடுவார் இல்லை.

இவற்றை ஒப்பிடுங்கால் ஓர் உண்மை புலனாகிறது. காணப்படாமலே காணலாம், கேட்கப்படாமலே கேட்கலாம். ஆனால் ஒருவரைத் தொடுபவர் அவராலே தாமும் தொடப்படுகிறார். இவ்விருதலை இயல்பே ஊற்றின் உயிர். 'ஊறு', 'உறவு' என்னும் இரண்டற்கும் 'உறு' என்பதே அடியாதல் ஈண்டு நினைக்கத்தக்கது. செர்மன் படைப்பில் ஊறு குறைந்தும் உறவு எஞ்சியது. சென் படைப்பில் ஊறு இருந்தும் உறவு இல்லை.

யாரும் வாராத நோயாளிக்குப் பொறியின் வருடலேனும் நன்றன்றோ எனச் சிலர் வினவுவர். அவ்வினாவை எளிதில் தள்ளுதல் ஒண்ணாது. வலியுற்றவன் பெறும் சிறு ஆறுதலையும் இகழ்தல் அறமன்று. ஆயினும் அப்பொறி ஆறுதல் தருமா என்பதினும், அதற்குத் தேவை எவ்வாறு நேர்ந்தது என்பதே பெருவினா. பதிவுக்குரல் பொருளை வெளிப்படக் கூறிவிடுதல் அப்படைப்பின் குறை என்போம். வருடும் கை ஒன்றே போதியதாகும். எனினும் காண்பார் நோக்கு பொறியினின்று நீங்கி, அங்கு இருந்திருக்க வேண்டிய மனிதக் கையை நாடுகிறது. பொறியைப் பழித்து அமையாது, வாராதிருந்த நம்மையே அது வினவுகிறது. பார்ஸ்டர் கதையினும் இது நம்மை நெருங்கி நிற்றற்குக் காரணம் இதுவே.