கமலைச் சாலில் மருக்கொழுந்து

ஆட்டுக்கல்லைக் கழுவி, வேப்பமர நிழலில் வைத்து, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குழவியை மட்டும் வெளியே எடுத்துவிடாதீர்கள். அது குழிக்குள் நின்றபடியே இருக்கட்டும். சுற்றிலும் வளையமாகத் தண்ணீர் நிற்கும். மைனா நேராகக் குழவியின் தலையில் வந்து இறங்கும். தேனீக்கள் அதன் ஈரமான பக்கத்தைப் பற்றிக்கொண்டு நிதானமாகக் குடிக்கும். வழவழப்பான பீங்கான் கிண்ணம் வைத்தால் வழுக்கி விழுந்து தவிக்கும் தேனீ, கொத்துவிட்ட கல்லில் கால் ஊன்றி நிற்கிறது. வெயில் ஏறியதும் தவிட்டுக்குருவிகள் வரும். தனியாக வரவே வராது, ஒரு குடும்பமே கிளம்பி வரும். ஒன்று குளிக்கும், மற்றவை விளிம்பில் நின்று சத்தம் போடும். அவை போனபிறகு குழியில் பாதித் தண்ணீர்கூட மிஞ்சாது. அதைப் பார்க்க எங்கள் வீட்டில் காபி டம்ளரோடு திண்ணையில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும்!

கிரைண்டர் வந்தபிறகு ஒவ்வொரு வீட்டிலும் கொல்லைக்குப் போய்விட்ட கல் இது. இடத்தை அடைக்கிறது என்று யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

பழம்பொருட்களால் தோட்டம் அமைக்க ஆசைப்படுகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். கொண்டுவந்த பொருளுக்கு ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் தாங்கியது மறுபடி தண்ணீர் தாங்கட்டும். பாரம் சுமந்தது பாரம் சுமக்கட்டும். பெயின்ட் அடித்து மூலையில் நிறுத்திவிட்டால் அது கொல்லையில் கிடந்ததைவிட மோசம். வேலைக்காக உருவான ஒரு வடிவம் வேலை செய்யும்போதுதான் அழகாக இருக்கிறது. என் தோட்டத்தில் பெயின்ட் டப்பாவுக்கே இடமில்லை. கல் கல்லின் நிறத்தில், இரும்பு இரும்பின் நிறத்தில் நிற்கின்றன.

தோட்டத்தின் ராஜா கமலைச் சால்தான். மின்மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீர் வயலுக்கு வந்தது கமலையில். ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கி வடக்கயிற்றை இழுக்க, இரும்புச் சால் நிறைந்து மேலே வரும். சாலின் அடியில் பெரிய ஓட்டை இருக்கும். அதில் கட்டிய தோல்வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மோட்டார் வந்ததும் சால்கள் எல்லாம் மாட்டுக் கொட்டகைக்குப் போயின. தோல் மக்கிப்போனது, இரும்பு நின்றது. இப்போது பாருங்கள், செடி வைக்கிறவர்களுக்குப் பெரிய தலைவலி தொட்டியில் ஓட்டை போடுவது. சாலில் அந்த ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது! அதன்மேல் இரண்டு ஓட்டுச்சில்லை வைத்து மூடினால் மண் இறங்காது, தண்ணீர் மட்டும் வடியும். வேரில் தண்ணீர் தேங்கினால் பொறுக்காத மருக்கொழுந்தை அதில் வைத்தேன். கார்த்திகைக் குளிருக்கு அது செழித்து நிற்கும் அழகும், சாயங்காலம் கை பட்டால் எழும் வாசனையும்! அந்த ஒரு சாலுக்காகவே மாலையில் நான் வேறு எங்கும் போவதில்லை.

ஒரு விஷயம். இரும்பு வெயிலில் கொதிக்கும், ஓரத்து வேர் வெந்துவிடும். உள்பக்கச் சுவரை ஒட்டித் தேங்காய் நாரையோ பழைய சாக்கையோ கனமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு மண் போடுங்கள். வெளிப்பக்கம் துருவை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து, லின்சீடு ஆயில் ஒரு பூச்சு கொடுத்தால் கறுத்த பழுப்பில் ஒரு மினுமினுப்பு வரும்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். நாங்கள் இருப்பது காரைக்குடிப் பக்கம். கொடுத்துவைத்தவர்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரிந்து, இடிபட்டு, உள்ளே இருந்த உலகம் முழுவதும் அந்தத் தெருவில் வந்து இறங்கியிருக்கிறது. பர்மாத் தேக்கு நிலைகள், பித்தளை அண்டாக்கள், ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் தூக்குகள், ஊறுகாய் ஜாடிகள், அரிக்கேன் விளக்குகள், மரக்கால், படி, உழக்கு. தலைக்கு மேலே தொங்கும், காலுக்குக் கீழே கிடக்கும். உள்ளே நுழைந்தால் எனக்கு நேரம் தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கிறவற்றைத் தாண்டிக் கடையின் பின்பக்கம் போய்விடுங்கள். சாக்குக்கு அடியில் கிடக்கும் கிணற்று உருளை, திருகைக் கல், பாதி உடைந்த கழுநீர்த் தொட்டி, தோட்டத்துக்கு வேண்டியவை எல்லாம் அங்கேதான். பல் போன படியை எடுத்து நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு கடைக்காரர் ஒருமுறை கேட்டார்:

“ஏங்க்கா, நெல் அளந்த படியில போய்ச் செடியா வைக்கப்போறீங்க?”

“ஆமாண்ணே. ஒரு படி மண்ணு, ஒரு கற்பூரவல்லி. சரியா இருக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே அதற்குப் பக்கத்தில் கிடந்த உழக்கையும் சேர்த்துப் பையில் போட்டார். காசு வாங்கவில்லை.

கழுநீர்த் தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரும் வடித்த கஞ்சியும் மாட்டுக்காக ஊற்றி வைத்த கல்தொட்டி அது. ஒரே கல்லில் குடைந்தது. கடைக்காரர்கள் இதை விற்கும்போது பெரிதாகப் பேசுவதில்லை. செதுக்கு வேலை இல்லை என்பதால் விலையும் மற்றவற்றைப்போல் ஏறுவதில்லை. எனக்கோ அதன் விளிம்புதான் உயிர். தலைமுறை தலைமுறையாக மாடுகள் கழுத்தை வைத்துத் தேய்த்த இடம் பட்டுத்துணிபோல் இருக்கும். அதில் அடியில் களிமண் போட்டு அல்லிக் கிழங்கு நட்டு, தண்ணீர் நிரப்பினேன். முதல் பூ விரிந்த நாளில் தெருவில் போனவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

தண்ணீர் நிற்கும் இடத்தில் கொசு வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட சுத்தமான தண்ணீரைத்தான் தேடி வந்து முட்டையிடும்; முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் தொட்டியில் கப்பி மீன் விட்டிருக்கிறேன். புழு தலைகாட்டினால் விழுங்கிவிடும். ஆட்டுக்கல் மாதிரி மீன் விட முடியாத சின்னக் குழிகளைத் தினமும் கவிழ்த்தோ இறைத்தோவிட்டு, நன்றாகத் தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முட்டை பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால்தான் போகும். சோம்பல் உள்ளவர்கள் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம். செடியே போதும்.

மீன் விடுவதானால் கல்லில் விடுங்கள். செப்பு அண்டாவிலோ பித்தளைத் தவலையிலோ விடவே கூடாது. செம்பு தண்ணீரில் கொஞ்சம் கரைந்தாலே மீனுக்கும் நத்தைக்கும் விஷம். அண்டாவுக்கு வேறு வேலை இருக்கிறது. அதற்குள் ஒரு மண்தொட்டியை இறக்கி, அதில் பெரணி வைத்தால் பச்சையும் செம்பும் சேர்ந்து அந்த மூலையே ஒளிரும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மழையில் நனைந்து பச்சைப் பூச்சுப் படரட்டும், அதன் அழகே தனி. எனாமல் தூக்குகளையும் இப்படித்தான் வைக்கிறேன். அவற்றில் ஓட்டை போட்டால் எனாமல் தெறித்துவிடும், தெறித்த இடத்தில் துரு ஏறும். மனசு கேட்காது.

வண்டிச் சக்கரம் எல்லோருக்கும் பிடித்தது. சுவரில் சாய்த்து வைக்கிறார்கள், ரிசார்ட் வாசல்களில் எல்லாம் பார்க்கலாம். நான் அதைப் படுக்கவைத்தேன். நடுவில் குடம், அதிலிருந்து பிரியும் ஆரக்கால்கள், சுற்றி வட்டை, அதற்கு மேல் இரும்புப் பட்டை. இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே ஒரு பாத்தி! ஒன்றில் துளசி, ஒன்றில் திருநீற்றுப் பச்சிலை, ஒன்றில் ஓமவல்லி, ஒன்றில் புதினா, ஒன்றில் சோற்றுக் கற்றாழை. புதினா பக்கத்துப் பாத்திக்குத் தாவப் பார்க்கும், ஆரக்கால் தடுக்கும். மரம் மண்ணில் பட்டால் கரையான் விடாது. அதனால் கீழே கருங்கல் சில்லு பரப்பி, சக்கரத்தை அதன்மேல் கிடத்தி, வருஷத்துக்கு ஒருமுறை மரத்துக்கு வேப்பெண்ணெய் பூசுகிறேன். சமையலுக்கு நடுவில் ஓடிப்போய் ஒரு கொத்து கிள்ளிக்கொண்டு வருவது எவ்வளவு வசதி தெரியுமா!

பாதைக்கு ஓரம் கட்டியிருப்பது மங்களூர் ஓடு. பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய வகை இது. தென்னிந்தியா முழுவதும் கூரை ஏறியது. ஒவ்வொரு ஓட்டின் முதுகிலும் தொழிற்சாலையின் பெயரும் முத்திரையும் அச்சாகி இருக்கும். பாதி மண்ணில் புதைத்துச் செங்குத்தாக நட்டு, முத்திரை உள்ள பக்கம் பாதையைப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் குழந்தைகள் நடந்துபோகும்போதே ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். யானை முத்திரை ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்குத் திருவிழாதான். உடைந்த ஓடுகளும் வீணாவதில்லை. நொறுக்கி மண்ணில் கலந்தால் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்துவைத்து மெதுவாக விடும்.

திருகைக் கற்களையும் அம்மிகளையும் பலர் நடைபாதையில் பதிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. “அன்னம் அரைச்ச கல்லைக் காலால மிதிக்கப்படாது ஆத்தா” என்று அத்தை சொல்லிவிட்டார்கள், எனக்கும் அது முழுச் சம்மதம். அம்மி இப்போது மாடத்துக்குப் பக்கத்தில் மேடை போட்டு நிற்கிறது, அதன்மேல் கோடைக்காலத்தில் பறவைகளுக்குத் தானியம். கிளிகூட வந்து போகிறது. திருகையின் மேல்கல்லில் தானியம் போடும் துளை ஒன்று நடுவில் உண்டு. மழைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் அதை வைத்தால், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிச் செடிக்குப் போகிறது.

பழைய ஜன்னல் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். கம்பியோடு கிடைத்தால் இன்னும் நல்லது. எண்ணெய்ப் பிடிப்புள்ள பர்மாத் தேக்கு மழையையும் கரையானையும் ஓரளவு தாங்கும். அதில் சங்குப்பூக் கொடியை ஏற்றினால் கம்பிக்குக் கம்பி நீலம். ஆனால் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பெயின்ட் உரியும் மரத்தைக் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பவும் வேண்டாம். சித்திர வேலைப்பாடுள்ள நிலைக்கதவுகளை நான் தோட்டத்துக்குக் கொண்டுவருவதில்லை. ஒரு ஐப்பசி மழை போதும், அந்த உளி வேலை அழிந்துபோகும். அதன் இடம் கூரைக்கு அடியில்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கோயில் தூண், சிலை, கல்வெட்டு உள்ள செக்கு, நடுகல் எதையும் தோட்டத்துக்காக வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பங்களும் கலைப்பொருட்களும் தொல்பொருட்கள். அவற்றை விற்க உரிமம் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஓர் ஊரின் சாமியும் எழுத்தும் அந்த ஊரிலேயே இருக்க வேண்டியவை. எழுத்து வெட்டிய செக்கு வயல் ஓரத்தில் கிடப்பதைப் பார்த்தால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். நமக்கு வீட்டுக் கற்கள் போதும், தாராளமாகக் கிடைக்கின்றன.

இந்தப் பைத்தியம் எனக்கு முற்றியது சண்டிகரில். நேக் சந்த் என்று ஒருவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். லெ கார்பூசியே திட்டமிட்ட அந்தப் புது நகரத்துக்காகப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாட்டையும் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் மின்கம்பப் பீங்கான்களையும் சைக்கிளில் சுமந்து போய், நகரத்தின் ஓரத்துக் காட்டில் 1957 முதல் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் கட்டினார். பல வருஷம் கழித்து அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அரசு நிலத்தில் அனுமதி இல்லாமல் கட்டியது. இடித்திருக்கலாம். இடிக்கவில்லை, 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்கு 1984இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2015இல் காலமானார். அங்கே வளையல் துண்டுகளால் ஆடை உடுத்திய பெண் பொம்மைகள் படை படையாக நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ ஒரு பெண் கை தவறி உடைத்த வளையல், யாரோ வேண்டாம் என்று தூக்கிப்போட்ட தட்டு, எல்லாம் ஒருவர் கையால் மறுபடி எழுந்து நிற்கின்றன! ஊருக்குத் திரும்பியதும் நேராகக் கொல்லைக்குப் போனேன். அங்கே கிடந்த ஒவ்வொன்றும் என்னைக் கூப்பிட்டது.

வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு மறுபடி வேலை கொடுப்பது நம் வீடுகளில் இருந்ததுதான். டால்டா டின்னில் குரோட்டன்ஸ், உடைந்த பானையில் துளசி, எண்ணெய் டின்னில் மல்லிகை என்று வாசலை நிறைத்தவர்கள் நம் அம்மாக்கள். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் தோண்டும்போது சுடுமண் உறைகிணறு கிடைத்ததே, அதே மாதிரி சுடுமண் உறை இரண்டு தூர்ந்த கிணற்றிலிருந்து எனக்குக் கிடைத்தன. ஒன்றின்மேல் ஒன்று வைத்து மண் நிரப்பிக் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். அடி திறந்திருப்பதால் வேர் தரைக்குள் தாராளமாக இறங்கிவிட்டது, பறிக்கக் குனியவும் வேண்டாம்.

இப்போது என் கண் ஒரு நெல் குதிர்மேல். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக் களத்து ஓரம் கிடக்கிறது, விலை பேசிக்கொண்டிருக்கிறோம். சுடாத மண், மழையில் கரைந்துவிடும், அதனால் தாழ்வாரத்தில்தான் வைக்க வேண்டும். அதற்கும் வேலை தயார். மேலே செம்மண்ணும் தொழுஉரமும் கலந்து கொட்டினால், கீழே நெல் எடுத்த ஓட்டையைத் திறந்து வேண்டும்போது வேண்டிய அளவு சட்டியில் சரித்துக்கொள்ளலாம். சாக்கைத் தூக்க வேண்டாம், மண் நனையாது. ஆடிப்பட்டத்துக்குள் அது வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். வண்டிக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், வைக்கோல் நிறையப் போட்டுப் பதமாகக் கொண்டுவாருங்கள் என்று.