பன்னிரண்டு மணி நேர பஸ்

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் என்று பேச்செடுத்தாலே நம்மில் பலர் புரூஸ் ஃபோர்டைஸின் ஒன்பது வெற்றிகளில் தொடங்கி, 2023-இல் கெர்டா ஸ்டெய்ன் 5 மணி 44 நிமிடத்தில் டர்பனில் வந்து முடித்ததில் போய் நிற்கிறோம். அந்த ரசனையோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஸ்டெய்னின் ஓட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவில் கிடக்கும் அந்தத் தொண்ணூறுக்குச் சற்றுக் குறைந்த கிலோமீட்டரில் ஓட்டக்கலை எங்கே முழுமையாக வெளிப்படுகிறது என்று கேட்டால், முதலில் வருகிறவரை விட்டு ஆறு மணி நேரம் பின்னால் போய்ப் பாருங்கள் என்பேன். அங்கே முதுகில் ஒரு கொடியைச் செருகிக்கொண்டு, சில சமயம் நூற்றுக்கணக்கானவர்களைப் பின்னால் சேர்த்துக்கொண்டு காலக்கெடுவான பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கச் சேர்ந்து ஓடும் கூட்டத்தை, அதாவது பன்னிரண்டு மணி நேர பஸ்ஸை, ஓட்டி வருகிறாரே அந்த டிரைவர், அவர்தான் என் கலைஞர். காம்ரேட்ஸில் அவருக்குத் தனிப் பதக்கம் கிடையாது. கடைசி ஒரு மணி நேரத்தில் வருகிற எல்லாருக்கும் கிடைக்கும் அதே விக் கிளாப்பம் பதக்கத்தைத்தான் அவரும் வாங்கிக்கொண்டு போவார். இத்தனைக்கும் டிரைவர்களில் பலர் தனியாக ஓடினால் இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே முடித்துவிடக்கூடியவர்கள்.

அந்த வேலையை அருகில் போய்ப் பார்த்தால்தான் அருமை தெரியும். முதலில் கணக்கு. 88 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 நிமிடம் 11 விநாடி. கேட்பதற்குச் சுலபம். ஆனால் காம்ரேட்ஸில் நெடுங்காலம் எல்லாருக்கும் ஒரே வெடிச்சத்தத்திலிருந்துதான் நேரம் ஓடத் தொடங்கியது. பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டைத் தொடுவதற்குள்ளேயே நிமிடங்கள் கரைந்துவிடும். வழியில் கவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய மேடுகள். தண்ணீர் மேசைகளில் போகும் நேரம் வேறு. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஓடும்போது கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தை ஒட்டியும், நடக்கும்போது பத்து நிமிடத்தை ஒட்டியும் போக வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் எந்த இடத்தில் எந்த அளவில் கலப்பது என்பதுதான் டிரைவரின் கைப்பக்குவம். மேட்டில் விளக்குக்கம்பங்களை எண்ணி, இதுவரை ஓட்டம், அடுத்த இரண்டு கம்பம் நடை என்று குரல் கொடுப்பார். நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் அந்த நொடியைக் கவனியுங்கள். சுமாரான டிரைவர் சட்டென்று எடுப்பார். முன்வரிசை நகர்ந்துவிடும், பின்வரிசைக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் இருபது மீட்டர் இடைவெளி விழும், அதை அடைக்கப் பின்னால் இருக்கும் புதியவர் பாய்ந்து ஓடுவார். மேட்டுக்கு மேடு இப்படிப் பாய்ந்தால் அவருடைய தொடை எத்தனை நேரம் தாங்கும்? நல்ல டிரைவரின் முதல் பத்து அடி நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இருக்கும். கால் தரையை விட்டு எழுந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாது. பஸ்ஸின் வால் நகரத் தொடங்கிய பிறகுதான் வேகம் ஏறும். தண்ணீர் மேசையிலும் இதே கதைதான். பிளாஸ்டிக் பையைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டே அவர் மேசைகளைத் தாண்டி மெதுவாக நடப்பார். கடைசி ஆள் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து ஒட்டிக்கொள்ளும்வரை அந்த நடை நீளும்.

இவ்வளவையும் கடிகாரம் சொல்லிவிடாது. காதுதான் சொல்லும். பஸ்ஸில் பாட்டு இருக்கும். ஒருவர் எடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். பின்பாட்டு மெலிந்தால் பேஸ் கூடிவிட்டது என்று அர்த்தம். பேச்சு அடங்கினால் யாரோ சிலருக்கு மூச்சு முட்டுகிறது. டிரைவர் திரும்பிப் பார்ப்பது வெறும் தலைக்கணக்குக்காக இல்லை. தோள் காதுவரை ஏறியிருக்கிறதா, முஷ்டி இறுகியிருக்கிறதா, பாதம் உடம்புக்கு வெகுமுன்னால் போய் விழுகிறதா என்று பார்ப்பார். புதியவரின் களைப்பு வாய்க்கு வருமுன் தோளுக்கு வந்துவிடும்.

புதியவர்களோடு பயிற்சி செய்வதில் ஊக்கம் கிடைக்கிறது என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லும் விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. பருத்த உடம்போடு ஒருவர் மூச்சிரைக்க ஓடுவதைப் பார்த்து, இவரே ஓடுகிறார், நமக்கு என்ன என்று உருகுவது ஊக்கமாகாது. அதில் ஓடுகிறவரைவிட உயரத்தில் நின்றுகொண்டு பார்க்கும் பார்வை இருக்கிறது. பஸ் டிரைவருக்குக் கிடைப்பது வேறு வகை. பதினைந்து வருடம் ஓடியவருக்கு 21 கிலோமீட்டர் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. ஜெல் எத்தனை, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று முடிந்துவிடுகிறது. புதியவருக்கு அந்தத் தூரம் இன்னும் தூரமாகவே இருக்கிறது. ஒவ்வொரு மேடும் அவருக்கு ஒரு கேள்வி. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில் நிற்கும்போது, பழகியவர் தான் யோசிக்காமலே செய்துவந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கலை புதுப்பிக்கப்படுவது அங்கேதான்.

இதற்குச் சான்று கேட்பவர்களுக்கு ஜெஃப் கேலவேயைக் காட்டுவேன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடியவர். அதே ஆண்டு மாரத்தான் தேர்வோட்டத்தில் நண்பர் ஜாக் பாஷலருக்குத் துணையாகக் கடைசிவரை பக்கத்திலேயே ஓடி, முடிவில் ஓர் அடி பின்வாங்கி, மூன்றாவது இடத்தை அவருக்குக் கொடுத்தவர். தன் இடம் பத்தாயிரத்தில் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது என்பதால் செய்தார் என்று சொல்லலாம். ஆனால் இன்னொருவரின் மூச்சுக்குத் தன் காலை ஒப்படைக்கும் பழக்கம் ஒரே நாளில் வந்துவிடாது. அவர் பெயரை இன்று உலகம் முழுக்கச் சொல்ல வைத்திருப்பது ஒலிம்பிக் ஓட்டம் இல்லை, ஓட்டத்துக்கு நடுவே நடையைத் திட்டமிட்டுச் சேர்க்கும் அவருடைய முறை. அது 1974-இல் ஃபுளோரிடாவில், ஓட்டமே அறியாதவர்களுக்கு அவர் நடத்திய வகுப்பில் பிறந்தது. நாள்கணக்கில் ஒலிம்பிக் வீரர்களோடு ஓடிக் கிடைக்காத ஒன்று, சிறிது தூரத்திலேயே நின்றுவிடுபவர்களோடு ஓடியபோது கிடைத்தது. பன்னிரண்டு மணி நேர பஸ்கள் பாலி ஷார்ட்ஸ் ஏறுவதும் அதே ஓட்டமும் நடையுமான முறையில்தான்.

மெதுவாக ஓடினால் கால் மெதுவாகவே பழகிவிடும், நடை கெட்டுவிடும் என்று வேகக்காரர்கள் சொல்வார்கள். புறக்கணிக்கக்கூடிய ஆட்சேபம் இல்லை இது. இயல்பைவிட மிக மெதுவாக ஓடும்போது கால் தரையில் கூடுதல் நேரம் தங்கும், கெண்டைக்காலில் பளு வேறு மாதிரி விழும். எப்போதும் அந்த வேகத்திலேயே கிடந்தால் கூர்மை மழுங்கும் என்பதும் சரிதான். ஆனால் எப்போதும் என்று யார் சொன்னார்கள்? மெதுவான நெடுந்தூரம்தான் அடித்தளம் என்பதை நியூஸிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியர்ட் நிரூபித்து அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லும் மரே ஹால்பெர்கும் அவருடைய பையன்கள். அதே லிடியர்ட்தான் ஆக்லாந்தில், இதயநோய் கண்டவர்களையும் வயதானவர்களையும் பூங்காவில் மெல்ல ஓடவைத்தவர். காம்ரேட்ஸின் சொந்த வரலாற்றிலும் இதற்குப் பதில் உண்டு. ஆர்தர் நியூட்டன் 1922 ஜனவரியில், 38 வயதில், அனேகமாக ஒரு புதியவராகப் பயிற்சியைத் தொடங்கினார். நிலத்தகராறில் அரசாங்கத்தின் காதில் தன் குறை விழ வேண்டும் என்பதற்காக ஓட வந்த விவசாயி. அந்த மே மாதமே வென்றார். பிறகு நான்கு முறை. அவருடைய வழி நிதானமான நெடுந்தூரம்தான். ஆக, புதியவர்களோடு கழியும் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் பழகியவருடைய அட்டவணையில் வீணான நாள் ஆகாது. தனியாக விட்டால் மெதுவான நாளிலும் வேகமாக ஓடிக் கெடுத்துக்கொள்கிற பலருக்கு அதுதான் உண்மையில் மெதுவாக அமையும் ஒரே நாள்.

லிடியர்டின் கதையில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 1962 கடைசியில் நியூஸிலாந்துக்கு வந்த பில் பவர்மன், ஆரிகனில் அமெரிக்காவின் தலைசிறந்த மைல் ஓட்டக்காரர்களைத் தயாரித்தவர், அந்தப் பூங்காக் கூட்டத்தோடு சேர்ந்து ஓடியபோது எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார். ஓட்டத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், ஓடுகிறவர் என்ற அளவில் தான் புதியவர் என்பதை அன்று கண்டுகொண்டார். ஊருக்குத் திரும்பியதும் சாதாரண மக்களுக்கு வகுப்பு எடுத்தார், அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அமெரிக்காவில் மெல்லோட்டம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கற்பித்தல் எந்தத் திசையில் ஓடியது என்று பாருங்கள்.

தனியோட்டக்காரர்களின் ஆட்சேபம் வேறு. நெடுந்தூரம் என்பது ஒருவன் தன்னோடு தானே நடத்தும் வழக்கு, பஸ்ஸில் ஏறிக்கொண்டால் அது கூட்டத்தின் வேலையாகிவிடும், சாலையையும் அடைத்துக்கொள்ளும் என்பார்கள். சாலையை அடைப்பது உண்மை; பெரிய பஸ் ஒரு தண்ணீர் மேசையில் வந்து இறங்கும்போது பக்கத்தில் தனியே ஓடுகிறவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். முதல் பாதியை நான் ஏற்கவில்லை. பஸ் யாருடைய காலையும் கடன் வாங்கிக்கொள்வதில்லை. பன்னிரண்டு மணி நேரம் முடிந்த நொடியில், வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அதிகாரி துப்பாக்கியைச் சுடுவார். கோட்டுக்கு ஒரு மீட்டர் இப்பால் இருந்தாலும் பதக்கம் இல்லை. 1928-இலிருந்து அந்த எல்லை பதினோரு மணி நேரமாக இருந்தது. 2003-இல்தான் நிரந்தரமாகப் பன்னிரண்டாகத் தளர்ந்தது. 1989-இல், பழைய எல்லையின்போது, 80 வயது வாலி ஹேவர்ட் 10 மணி 58 நிமிடத்தில் வந்தார். ஐந்து முறை வென்றவர், முதல் வெற்றி 1930-இல். இரண்டு நிமிடம் கூட மிச்சமில்லை. வெற்றியாளரும் முதல் தடவை ஓடுகிறவரும் ஒரே துப்பாக்கிக்கு அஞ்சி ஓடும் இடம் அந்தக் கடைசி ஒரு மணி நேரம். அதில் டிரைவர் யாரையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. எங்கே அவசரப்படக் கூடாது என்பதை மட்டும்தான் சொல்ல முடியும். மிச்சத்தை அவரவர் கால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 2004 அக்டோபரில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன்னில் கடைசி ஆளுக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். நல்ல மரபு, ஆனால் பின்னால் வருவதும் முன்னால் கொண்டுபோவதும் ஒன்றாகிவிடாது. பின்னால் வருகிறவர் தன் முன்னே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். டிரைவரோ பின்னால் இருப்பவர்களைத் தன் உடம்பால் உணர்ந்துகொண்டு முன்னே பார்க்க வேண்டும்.

அந்த உணர்வு தேய்ந்துவருவதுதான் என் வருத்தம். நம் நகரங்களின் மாரத்தான்களில் இப்போது பேசர்களுக்கு, அதாவது குறித்த நேரத்துக்குக் கொடி பிடித்து ஓடுகிறவர்களுக்கு, பஞ்சமில்லை. கொடி இருக்கிறது, அச்சடித்த டி-ஷர்ட் இருக்கிறது, கையில் ஜிபிஎஸ் கடிகாரம் இருக்கிறது. முதல் பாதியில் மூன்றரை நிமிடத்தைச் சேமித்துவைத்துக்கொள்ளலாம் என்று கிலோமீட்டருக்குப் பத்து விநாடி குறைத்து ஓடுகிறார்கள். பழகியவருக்கு அந்தப் பத்து விநாடி தெரியாது. முதல் ஃபுல் மாரத்தான் ஓடுகிறவருக்கு முப்பதாவது கிலோமீட்டரில், வெயிலும் ஏறிய பிறகு, அதன் விலை தெரியும். பாலத்தில் ஏறும்போதும் சமதரையின் வேகத்தையே கடிகாரம் காட்ட வேண்டும் என்று பிடிவாதம். கடிகாரம் கிணுக்கென்றதும் திரும்பிப் பாராமல் ஓட்டம், மறுபடி கிணுக்கென்றதும் நடை. ஐந்து மணி நேரக் கொடி சரியாக 4:59-க்கு முடிவுக் கோட்டைத் தாண்டுகிறது. பின்னால் இரண்டு பேர், அல்லது யாருமில்லை. ஆனால் அறிவிப்பாளர் பாராட்டுகிறார், படம் எடுக்கிறார்கள், பேசரின் துல்லியம் மெச்சப்படுகிறது. நேரத்தைத் துல்லியமாக ஓடியதற்கு அந்தக் கொடி எதற்கு? தன் பிப்பைக் கட்டிக்கொண்டு தனியாக ஓடியிருக்கலாமே.

அமைப்பாளர்கள் பேசர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுடைய சொந்த நேரத்தைக் கேட்கிறார்கள். கூடவே, பயிற்சி மாதங்களில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை புதியவர்களோடு ஓடினீர்கள் என்றும் கேட்க வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த மாரத்தானில் முடிவுக் கோட்டருகே நிற்கும்போது, கடைசி பஸ் வரும்வரை நில்லுங்கள். கொடி எத்தனை மணிக்கு வந்தது என்று பார்க்காதீர்கள். அதன் பின்னால் வருகிற தலைகளை எண்ணுங்கள்.