வரமும் விலையும்

சூனியக்காரிகளையும் பிறர் மனம் அறியும் ஆற்றல் பெற்றோரையும் வைத்துக் காதல் புதினம் புனைவோருக்கு ஒரு பெரும் சோதனை உண்டு. கதாநாயகியால் எல்லாம் முடியுமானால், கதையில் எஞ்சுவது என்ன?

அமெரிக்க எழுத்தாளர் சார்லெய்ன் ஹாரிஸ் 2001இல் வெளியிட்ட ‘டெட் அன்டில் டார்க்’ இச்சோதனையில் தேறியிருக்கிறது. உணவு விடுதியில் பணிபுரியும் சூக்கிக்கு அருகிலிருப்போரின் எண்ணங்களெல்லாம் கேட்கின்றன. தன்னை விரும்பும் ஆடவனின் உள்ளத்து அழுக்கும் செவியில் விழுந்தால் எவரோடுதான் பழகுவது? இரத்தக் காட்டேரியான பில்லின் மனம் மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. அந்த மௌனத்திலேயே காதல் பிறக்கிறது. முற்றும் அறியாமலே நம்புவதுதான் அன்பு என்பதை ஆசிரியர் உபதேசமின்றி உணர்த்திவிடுகிறார்.

2011இல் வந்த டெபோரா ஹார்க்னஸின் ‘எ டிஸ்கவரி ஆஃப் விட்ச்சஸ்’ வேறு வகை. ஆசிரியர் அறிவியல் வரலாற்றுப் பேராசிரியர்; ஆதலால் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகமும் அதன் பழஞ்சுவடியும் கண்முன் நிற்கின்றன. கதாநாயகி டயானா, 1692இல் அமெரிக்காவின் சேலம் நகரில் சூனியக்காரியெனத் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப்பின் வழிவந்தவளாகப் படைக்கப்பட்டவள். மந்திர ஆற்றலை ஒதுக்கிக் கல்வியால் உயர விழைகிறாள். அந்தப் போராட்டம் நீடிக்கும்வரை நூலைக் கீழே வைக்க நமக்கு மனம் வருவதில்லை. பிற்பகுதியிலோ நீரும் காற்றும் நெருப்பும் அடுத்தடுத்து அவளுக்குப் பணிகின்றன. அவளது ஆற்றல் பெருகப் பெருக, அவளுக்காக நாம் கொள்ளும் கவலை குறைகிறது.

இத்துறையில் எழுத விழையும் இளைஞருக்கு நாம் சொல்வது இதுவே: வரத்தைக் கொடுக்கும்போதே அதன் விலையையும் எழுதிவிடுங்கள். மந்திரத்தால் தீராத ஒரு துயரையேனும் கதாநாயகிக்கு விட்டுவையுங்கள்.