கையெழுத்து யாருடையது?

நட்பைப் பற்றிப் பாடம் நடத்தும் எந்தத் தமிழாசிரியரும் கோப்பெருஞ்சோழனைத் தொடாமல் வகுப்பை முடிப்பதில்லை. அவன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் பார்த்தேயிராத பிசிராந்தையார் வந்து உடனிருந்து உயிர்விட்டார். பொத்தியாரும் உடனிருக்க வந்தார். உன் மனைவிக்குப் பிள்ளை பிறந்த பின் வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பினான். பிள்ளை பிறந்தது. பொத்தியார் மீண்டும் வந்து, நடுகல்லாகிவிட்ட நண்பனிடம் தனக்கான இடம் எது என்று கேட்டார். புறநானூற்றின் 222ஆம் பாடல் அது. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் இந்த இடத்தில் நெகிழ்ந்துபோகிறார்கள். பொத்தியாரின் மனைவியைப் பற்றிப் பாடல் சொல்பவை மூன்றே செய்திகள்: ஒளிரும் அணிகள் பூண்ட அழகி, நிழலைப்போலக் கணவரைப் பிரியாதவர், மகனைப் பெற்றவர். கைக்குழந்தையோடு அந்தப் பெண் அதன்பிறகு எப்படி வாழ்ந்தார் என்பது பாடலுக்கு வெளியே நிற்கிறது. நட்பின் பெருமையைப் பேசும் நாமும் அதைக் கேட்பதில்லை.

கபிலர் சற்று வேறுபட்டவர். பாரி இறந்ததும் அவன் மகளிரின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். விச்சிக்கோனிடம் அழைத்துச் சென்றார், இருங்கோவேளிடம் அழைத்துச் சென்றார், மணந்துகொள்ளும்படி கேட்டார். இறந்த நண்பனின் குடும்பத்துக்கு ஆற்றும் கடன் என்று நம் மரபு அறிந்தது இதைத்தான். ஓர் ஆணின் கையிலிருந்த பெண்களை இன்னோர் ஆணின் கையில் ஒப்படைத்துவிட்டால் கடன் தீர்ந்தது. அந்தப் பெண்கள் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பது 112ஆம் பாடல் ஒன்றுதான். அதில் இழந்த தந்தையும் இழந்த குன்றும் இருக்கின்றன. யாரை மணக்க விரும்பினார்கள், மணக்கத்தான் விரும்பினார்களா என்பது இல்லை.

இந்தப் பாடல்களை நான் மறுபடி வாசித்தது ஒரு நண்பரின் மரணத்துக்குப் பிறகு. அவர் நாடகக்காரர். சிறுநீரகம் செயலிழந்து, நான்கு ஆண்டுகள் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நண்பர்கள் கூடினார்கள். “அண்ணி, கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்” என்றார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள், ஓடியாடிப் பணமும் திரட்டினார்கள். திரண்டதை யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, நண்பரின் அண்ணனிடம் கொடுப்பதுதான் முறை என்று யாரோ சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். நண்பரின் மனைவி அடுத்த அறையில்தான் இருந்தார். கபிலர் காலத்திலிருந்து நாம் அதிக தூரம் வந்துவிடவில்லை.

அவரிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. நான்கு ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. ஆட்டோ, ஊசி, மாத்திரை, டீ, பன், குழுத் தவணை, வளையல் அடகு. செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ் நாட்களுக்கு எதிரே “தைக்கல” என்று எழுதியிருந்தார். அவர் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். செலவுக் கணக்கில் வரவே வராத செலவை அவர் அந்த ஒரு சொல்லில் எழுதி வைத்திருந்தார்.

அரசின் கணக்கில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைப்பணத்திலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்கின்றன தேசிய சுகாதாரக் கணக்குகள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பெரிய உதவிதான், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நோயாளியோடு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவள் இழந்த கூலியை இந்த இரண்டும் கணக்கில் எடுப்பதில்லை.

“அவரோட கடன்தானே அக்கா, நான்தானே கட்டணும்” என்றார் அவர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குமேல் அவருடைய கடனுக்கு வாரிசு பொறுப்பாக மாட்டார் என்பதுதான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50, 52ஆம் பிரிவுகளின் சாரம். ஆனால் நோட்டைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. மகளிர் குழுக் கடன் அவர் பெயரில். நகைக்கடன் அவர் பெயரில். மருத்துவமனைப் படிவத்தில் பணத்துக்குப் பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து. நோய் கணவருடையது, கடன் மனைவியுடையது. பெண்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறார்கள் என்று பாராட்டித்தான் பெண்கள் பெயரில் கடன் தருகிறார்கள். அந்தப் பாராட்டுக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

ஆகவே நண்பர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அந்த நோட்டோடு உட்காருவது. இறந்தவர் மட்டும் கையெழுத்திட்டவை, மனைவி கையெழுத்திட்டவை, காகிதமே இல்லாதவை என்று பிரிக்கலாம். முதல் வகைக்காக அவர் தன் தையல் கூலியிலிருந்து ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. இரண்டாவது வகையில் நுண்கடன் இருந்தால், எல்லாத் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதியைச் சொல்லி, கடன் கொடுத்தவரிடம் உடன் போய்ப் பேசலாம். மூன்றாவதில் கந்துவட்டி இருந்தால் அதற்கு 2003ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் இருக்கிறது. வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டாம், சில பகல்கள் வேண்டும்.

பெருங்கோப்பெண்டின் 246ஆம் பாடலைக் கற்பின் சான்றாகவே கற்பித்துவருகிறோம். தீப்பாயப் போகிறவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களிடம் அவள் ஒரு பட்டியலைச் சொல்கிறாள்: நெய்படாத சோற்று உருண்டை, எள் துவையல், வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை. சாகாதே என்கிறீர்களே, எதை உண்டு வாழச் சொல்கிறீர்கள் என்ற கேள்வியாக அதை வாசிக்க முடியும். சான்றோர் பதில் சொன்னதாகப் பாடலில் இல்லை.

நண்பர் குடும்பத்துக்குத் திரட்டிய பணம், பெண்கள் சிலர் விடாமல் பேசியதால், கடைசியில் அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே போடப்பட்டது. பெரிய கடனை முதலில் அடைத்துவிடச் சொன்னார்கள் நண்பர்கள். அவர் முதலில் மளிகைக்கடைப் பாக்கியைத் தீர்த்தார். அடுத்த மாத அரிசி அங்கிருந்துதான் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.